எந்த நாடு

கானாடுகாத்தான் விடுதியில் ஒரு மரகத மோதிரம் காணவில்லை.
தை மாதக் கல்யாணத்துக்கு வந்திறங்கியவர்களின் மோதிரம்.
அன்று மேல்மாடியில் வேலை பார்த்தவர்கள் ஆறு பேர்.
ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தது ஒருத்தியை.

நான் ரைட்டர். எழுதுவது என் வேலை.
லால்ரின்புயி என்றாள்.
எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன்,
நான்கு விதமாய் வந்தது.
'சைனான்னு போட்டுட்டுப் போய்யா' என்றார் ஏட்டையா.
எல்லோரும் சிரித்தார்கள்.
நானும்தான்.

எந்த நாடு என்று கேட்டேன்.
இந்த நாடு என்றாள்
ஐந்து மாதத்துத் தமிழில், ஓர் எழுத்து பிசகாமல்.
மிசோரம் என்றும் சொன்னாள்.
அது எங்கே என்பதுபோல் ஏட்டையா என்னைப் பார்க்க,
நான் மின்விசிறியைப் பார்த்தேன்.
ஆதார் அட்டையைக் கள்ளநோட்டுபோல
வெயிலில் பிடித்துத் திருப்பினார்.
பாஸ்போர்ட் எங்கே என்றார்.

அவள் செல்போனை நீட்டினாள்.
பனிக்குள் துப்பாக்கியோடு ஒருவன்,
அதே கன்னம், அதே கண்.
அண்ணனாம். தவாங்குக்கும் மேலே ஏதோ ஒரு முகாம்.
யாரை எதிர்பார்த்து அவன் அங்கே விழித்து நிற்கிறானோ
அவர்கள் பெயரைத்தான்
இங்கே அவன் தங்கைக்கு வைத்திருந்தோம்.

இதெல்லாம் அப்போது தோன்றவில்லை.
அப்போது எனக்குப் பசித்தது. மணி இரண்டரை.

மோதிரம் மறுநாள் கிடைத்தது,
மாப்பிள்ளையின் அத்தை பட்டுப்புடவை மடிப்பில்.
பதிவேட்டில் மன்னிப்புக்குக் கட்டம் கிடையாது.

அந்த விடுதியின் தூண்கள் பர்மாத் தேக்கு.
அவள் ஊரிலிருந்து சில மலை தாண்டினால் பர்மா.
அந்தப் பக்கத்து மரம் கப்பலேறி வந்திறங்கி
கட்டைவண்டியில் ஊருக்குள் நுழைந்த அன்று
யாரும் அதனிடம் அட்டை கேட்கவில்லை.
மஞ்சள் பூசி, பூச்சூட்டி, நிலைக்கு வைத்துக் கும்பிட்டோம்.
பிறகு அங்கே நம்மவர் கையில்
அந்நியர் என்று முத்திரை குத்திய தாளைக் கொடுத்தார்கள்.
அழுதுகொண்டே வந்தோம்.
என் அப்பச்சியின் தாள் இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.
அதை நான் வாசித்திருக்கிறேன்,
அதுவும் எத்தனை முறை.

பட்டாலியனில் இருந்தபோது
வடக்கே தேர்தல் பணிக்குப் போனேன்.
ஒரு டீக்கடைக்காரன் என் முன்கையைத் தேய்த்து
ஒட்டுகிறதா என்று தன் விரலைப் பார்த்தான்.
என் பெயர் முத்துக்கறுப்பன்.
டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன்.
அன்றிரவு அந்தத் தெருவில்
யாரோ சுவரேறிக் குதிக்கும் சத்தம் கேட்டது.
எழுந்திருக்கலாம்.
எழவில்லை.

மாசியில் ஊரணிக்கரைக் கோயிலில் மூன்று ஐம்பொன் சிலை போயிற்று.
மோப்பநாய் தார்ச்சாலைவரை ஓடி உட்கார்ந்துகொண்டது.
கேமராவில் குருவி கூடு கட்டியிருந்தது.
தேவஸ்தானம் புதுப்பூட்டு வாங்கியது.
நான் நாற்பது பக்கம் எழுதினேன்,
உருப்படியாய் ஒரு வரி இல்லை.

ஆடியில், செட்டிநாடு ரயில்நிலையத்தில்,
பெட்டியோடு அவள் உட்கார்ந்திருந்தாள்.
ஊருக்கா என்றேன். தலையசைத்தாள்.
அண்ணன்?
வந்துவிட்டான். இன்னும் சில வருடம் இருக்கச் சொன்னார்களாம்,
கையெழுத்துப் போடவில்லை.
நான் ஸ்டேஷனில் உட்கார்ந்ததைப் போனில் சொல்லியிருந்தேன், என்றாள்.

கொஞ்சம் கழித்து, கேட்காமலே:
அந்த ராத்திரி மாடியில் துணி எடுக்கப் போனேன்.
கோயிலுக்குப் பின்னால் வெள்ளை வேன்.
எண்ணைச் சொன்னாள், நான்கு இலக்கமும்.
திறந்திருக்கிறதா என்று நாங்கள் சிரித்த கண்
நிலா வெளிச்சத்தில், மூன்றாம் மாடியிலிருந்து
படித்து வைத்திருந்தது.

ஏன் வந்து சொல்லவில்லை?

நான் எதைச் சொன்னாலும்
நீங்கள் முதலில் ஒன்று கேட்பீர்களே, என்றாள்.

ரயில் வந்தது.
பெட்டியைத் தூக்கிக் கொடுக்கப் போனேன்.
அவளே ஏற்றிக்கொண்டாள்.

எண்ணை உள்ளங்கையில் எழுதி வந்து விசாரித்தேன்.
சரியான எண்தான்.
வேனைச் சித்திரையிலேயே
உடைத்து எடைக்குப் போட்டிருந்தார்கள்.